பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு: பேசுவதற்கு ஒரு தோழியை எங்கே தேடுவது?

மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்தில், கணவர் வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு இது ஏழாவது மாதம். இளநிலை வேதியியலில் முதல் பருவத் தேர்வை எழுதி முடித்த கையோடு, பதினெட்டு நிறைந்த அடுத்த மாதமே எனக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மாதத்தில் ஓரிரு முறை வந்து போகிறார். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஏதாவது இருந்தால் எங்கே போவது என்று எனக்குத் தெரியும். எனக்கு இருப்பது வேறு வகையான சிக்கல்.

சென்ற மாதம் கல்லூரித் தோழிகள் மூவர் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு செய்முறைத் தேர்வைப் பற்றியும் விடுதிக் காப்பாளரைப் பற்றியும் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் சிரித்த நகைச்சுவை எனக்குப் புரியவில்லை. குழந்தைக்கு இரவில் மூக்கடைத்துக்கொள்வதைப் பற்றி நான் சொன்னபோது மூவரும் என்னை மரியாதையோடு பார்த்தார்களே தவிர, பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. தெருவில் உள்ள மற்ற தாய்மார்களிடம் போனால் அவர்களுக்கு நான் சின்னப் பெண். "உனக்கு என்ன தெரியும், கொடு இப்படி" என்று குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு கூட்டத்திலும் எனக்கு இடம் இல்லை. என் வயதில் குழந்தை பெற்றவர்கள், அல்லது பெற்று வளர்த்து முடித்தவர்கள், எப்படித் தோழமையைத் தேடிக்கொண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

செவ்வந்தி_சேலம் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். எனக்கு முதல் மகன் பிறந்தபோது வயது பதினேழு. இப்போது அவன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். ஆகவே நீங்கள் எழுதியதை இரண்டு முறை படிக்கத் தேவையில்லாமலே புரிந்துகொண்டேன்.

எனக்குத் தோழி கிடைத்தது புதன்கிழமைத் தடுப்பூசி வரிசையில். எங்கள் ஊரில் அங்கன்வாடிக் கூடத்தில்தான் ஊசி போடுவார்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள் அல்லவா? அந்த அரை மணி நேரம் யாரும் எங்களை வீட்டுக்கு விரட்ட முடியாத நேரம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூன்றாவது பிள்ளைக்காரி, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஊசி போட்ட தொடையில் ஈரத்துணி வைப்பதையும், காய்ச்சல் வந்தால் நர்சம்மா கொடுத்த சொட்டு மருந்தை எடைக்கு ஏற்ற அளவில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரும் இன்னொரு பெரியம்மாவாக இருந்திருப்பார். ஆனால் அவர் அடுத்து, "நீ எந்தப் பள்ளிக்கூடம், என்ன பாடம் பிடிக்கும்?" என்று கேட்டார். குழந்தை பிறந்த பிறகு என்னைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். நாங்கள் இன்றும் நெருக்கமாக இருக்கிறோம்.

ஆகவே, உங்கள் வயதுடைய தாயைத்தான் தேட வேண்டும் என்று நினைக்காதீர்கள். வயது ஒத்துப்போக வேண்டியதில்லை. உங்களைக் குழந்தையின் தாயாக மட்டும் பார்க்காத ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் ஊர்களில் இளம் மருமகளுக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை, வெளியே போகக் காரணம்தான் இல்லை. "தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். "ஊசி போட்டுவிட்டு வருகிறேன்" என்றால் குடையை எடுத்துக் கொடுத்து அனுப்புவார்கள். காரணம் உள்ள இடங்களிலேயே தோழமையைத் தேடுங்கள்.

நடுவூரான் எழுதியது:

இழையின் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 விழுக்காட்டினர் ஆய்வின்போது தாய்மார்களாகவோ கருவுற்றவர்களாகவோ இருந்தார்கள். கல்வியில் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்படும் மாநிலத்தில் இந்த நிலை இருக்கும்போது, இளவயதுத் தாய்மையை எப்படிச் சமாளிப்பது என்று நாம் இதமாகப் பேசிக்கொண்டிருப்பது, அதை ஓர் இயல்பான செய்தியாக ஆக்கிவிடாதா? கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காமல் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் அடுத்த தகப்பனும் துணிந்துவிடுவான் அல்லவா?

ஓய்வு_செவிலி எழுதியது:

ஐயா, கண்டிப்பதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: கண்டனம் எப்போதும் போய்ச் சேர்வது அந்தத் தகப்பனிடம் அல்ல, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்ணிடம்தான். தாலி கட்டிவைத்த பெரியவர்கள் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார்கள், "இந்த வயதில் உனக்கு என்ன அவசரம்?" என்ற கேள்வியை அவள் ஒருத்தியே வாங்கிக்கொள்வாள்.

அதன் விளைவு என்ன தெரியுமா? மறைப்பது. செவ்வாய்க்கிழமைக் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராமல் இருப்பது, வந்தாலும் வயதைக் கூட்டிச் சொல்வது, ஐந்தாம் மாதம் வரை பதிவே செய்யாமல் பாட்டி வீட்டில் வைத்திருப்பது. பத்தொன்பது வயதுக்குட்பட்ட தாய்மார்களுக்குப் பேறுகால வலிப்பும், பிரசவத்துக்குப் பிந்தைய தொற்றும், இருபதுகளில் உள்ளவர்களைவிட அதிகம் வருகின்றன. குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் அவர்களுடைய குழந்தைகளுக்கே அதிகம். யாரை மற்றவர்களைவிட முன்னதாகவே பார்க்க வேண்டுமோ அவள்தான் கடைசியாக வருகிறாள். இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் கிடைக்கும். அதைப் பெறத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறுவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது அந்த விதியின் நோக்கம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணின் இரத்தச்சோகைக்கு அந்த நோக்கம் புரியாதே!

இழையைத் தொடங்கிய மகளுக்குச் சில வார்த்தைகள். எங்கள் வேலையில் இளம் தாய்மார்களைத் தனியாகப் பிடித்துப் பேசுவது மிகவும் கடினம், ஏனென்றால் எப்போதும் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். "தூக்கம் வருகிறதா அம்மா?" என்று நான் பெண்ணைக் கேட்டால், "நன்றாகத் தூங்குகிறாள்" என்று மாமியார் சொல்வார். எடை பார்க்க உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வரும். உங்கள் பகுதிச் செவிலியரிடம் "உங்களோடு தனியாகப் பேச வேண்டும்" என்று நீங்களே சொல்லலாம், தயங்க வேண்டாம். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலோருக்கு உண்டு, தானே தணியும். இரண்டு வாரங்களைத் தாண்டியும் தூக்கமின்மையோ, குழந்தைமீது பற்றின்மையோ, வாழ்வே வெறுத்ததுபோன்ற எண்ணமோ தொடர்ந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. குழந்தை பிறந்து பல மாதங்கள் கழித்தும் அது தொடங்கலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உங்கள் பதிவில் தெரிவது தனிமைதான், நோய் அல்ல என்றே நினைக்கிறேன். ஆனாலும் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

கறுப்பங்கி எழுதியது:

செவிலியர் அம்மா சொன்ன மறைப்பைப் பற்றி ஒரு சட்டக் குறிப்பு. இந்த இழையைப் பதினெட்டு நிறையாத பெண்களும் படிக்கக்கூடும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கருவுற்றிருப்பது தெரிந்தால் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்ததிலிருந்து இதுதான் நிலை. திருமணம் ஆகியிருந்தாலும் விலக்கு இல்லை என்பது 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு தெளிவாகிவிட்டது. ஆனால் தெரிவிப்பது வேறு, சிகிச்சையை மறுப்பது வேறு. வழக்கைக் காரணம் காட்டி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை நிறுத்தி வைக்கவோ தாமதப்படுத்தவோ முடியாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் தண்டனை நடத்திவைத்தவர்களுக்கும், சிறுமியை மணந்த வயதுவந்த ஆணுக்கும்தான். அந்தப் பெண்ணுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. அவள் விரும்பினால், பதினெட்டு நிறைந்து இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் நீதிமன்றம் சென்று அத்தகைய திருமணத்தைச் செல்லாததாக்கிக்கொள்ளலாம். உதவி தேவைப்படுபவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். பதினெட்டைக் கடந்தவர்களுக்குப் பெண்கள் உதவி எண்ணான 181 உண்டு.

பாலக்கோட்டு_அம்மா எழுதியது:

என் மகள்தான் இந்த இழையைப் படித்துக் காட்டினாள். நான் சொல்வதைச் சீர்படுத்தி எழுதுபவளும் அவள்தான். மாமியார்களைப் பற்றி அனைவரும் பேசுகிறீர்கள், ஒரு மாமியாரும் பேசட்டும்.

எனக்குப் பதினாறு வயதில் மகன் பிறந்தான். பெண்ணுக்குப் பதினெட்டு ஆக வேண்டும் என்று 1978-லேயே சட்டம் திருத்தப்பட்டதாக மகள் சொல்கிறாள். என் திருமணம் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து நடந்தது, பந்தியில் சாப்பிட்ட ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது பேச ஆள் இல்லை. என்னை மீட்டது குழுதான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலில் தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்க் குழுவில் சேர்ந்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடக் கற்றேன். வாரம் ஒரு நாள் மாலையில் சேமிப்புப் பணத்தோடு போய் உட்காருவோம். கணக்கு எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது, ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வரை யாரும் எழுந்திருக்க மாட்டோம். கடன் தவணைக் கூட்டம் என்பதால் வீட்டு ஆண்களும் ஏன் நேரமாயிற்று என்று கேட்கத் துணிய மாட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் குழுவில் இருக்கிறோம், அந்த இடத்தில் மாமியார்களாகிய நாங்களே உட்கார்ந்திருக்கிறோம். மருமகள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் சென்ற ஆண்டு என் இடத்தை மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குத்தான் கடினமாக இருக்கிறது, அது வேறு கதை. பதினெட்டு வயது ஆனவர்கள் குழுவில் சேரலாம். மலையடிவாரத்துப் பெண்ணே, உன் மாமியாரிடம் இதைக் கேட்டுப் பார். நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், "கணக்கு நோட்டை நான் எழுதிக் கொடுக்கட்டுமா அத்தை?" என்று தொடங்கு. கல்லூரிக்குப் போனவளை எந்தக் குழு வேண்டாம் என்று சொல்லும்?

மலையடிவாரம் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

செவ்வந்தி அக்கா, நீங்கள் சொன்ன புதன்கிழமை வழி எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. மூன்றரை மாத ஊசி வரை மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒன்பதாம் மாதம்தான் அடுத்த ஊசி என்று சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்க்கும்போது, எனக்குத் தனிமை அழுத்தத் தொடங்கியதும் அந்த இடைவெளியில்தான். வேறு எந்தக் காரணத்தைச் சொல்லி வெளியே போவது என்று தெரியவில்லை. இன்னொரு தடையும் உண்டு: என்னிடம் இருக்கும் தொலைபேசி வீட்டுக்கே பொதுவானது. தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதை மாமாவும் கொழுந்தனும் பார்க்கக்கூடும் என்பதால் அவர்களும் அளந்து பேசுகிறார்கள், நானும் அளந்துதான் பேசுகிறேன். இதை எழுதுவதுகூட எதிர்வீட்டு அக்காவின் தொலைபேசியில்தான்.

நடுவூரான் ஐயா, எனக்கு ஆறுதல் கிடைப்பதைப் பார்த்து எந்தப் பெண்ணும் இந்த வாழ்க்கையை விரும்பிவிட மாட்டாள். என் சித்தி மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் இங்கே உள்ளதை ஒளிக்காமல் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் வாய் திறந்து பேசும் நிலையில் இருந்தால்தானே அவளுக்கும் பயன்படுவேன்?

ஓய்வு_செவிலி எழுதியது:

ஊசி இல்லாவிட்டால் என்ன மகளே? ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. மாதந்தோறும் எடை பார்க்க வேண்டியதும் உண்டு. இரண்டுக்கும் வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே குழந்தையோடு போங்கள். காலையில் கூட்டம் கலைந்த பிறகு போகாமல், பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் நிற்கும் நேரத்துக்குப் போங்கள். சமுதாய வளைகாப்பு நடக்கும்போது உதவிக்குக் கூப்பிடச் சொல்லி அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லி வையுங்கள். வளையல் அடுக்கவும் சாப்பாடு பரிமாறவும் அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். உங்களைவிடச் சின்னப் பெண் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்திருப்பதை அங்கே நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். அவளுக்கு மூக்கடைப்பைப் பற்றிப் பேச ஆள் தேவைப்படும்.

கரும்பலகை எழுதியது:

அரசுக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். தோழிகள் வந்துபோன பகுதியைத்தான் நான் மீண்டும் படித்தேன்.

பார்க்க வருபவர்கள் ஒருமுறைதான் வருவார்கள், வேலையாக வருபவர்கள் மறுபடியும் வருவார்கள். உங்கள் தோழிகளுக்கு ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள். இரண்டாம் பருவ வேதியியல் குறிப்புகளையும் செய்முறைப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பருமனறி பகுப்பாய்வு புரியவில்லை, உட்கார்ந்து விளக்கு என்று ஒருத்தியிடம் கேளுங்கள். பத்தொன்பது வயதுப் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசத் தெரியாது, அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தங்களுக்குத் தெரிந்த ஒன்றை நீங்கள் கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

அடுத்து, மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியிலிருந்து வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருக்காவிட்டால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். இடைநின்ற மாணவர்கள் மறுசேர்க்கைக்கு முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. மகப்பேற்றுக்காக மாணவியருக்கு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் அளிக்க உரிய விதிகளை வகுக்கும்படி, பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியிருக்கிறது. முதுநிலை மட்டுமல்ல, இளநிலை மாணவியரும் அதில் அடக்கம். அலுவலகத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்கள் எடுத்துச் சொல்லலாம். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அங்கன்வாடியில் பிள்ளையை விட இரண்டு வயது ஆக வேண்டும். அதுவரை பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதற்குப் பெரும்பாலான கிராமங்களில் அரசிடம் பதில் இல்லை, வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆய்வகம் தேவைப்படாத பாடம் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் வேதியியலில் விருப்பம் இருக்கும்போது, வசதிக்காக வேறு பட்டத்துக்கு மாறும் முடிவை இந்த ஆண்டே எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நடுவூரான் எழுதியது:

சித்தி மகளைப் பற்றி அந்தப் பெண் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தகப்பன்களிடம் பேச வேண்டியது எங்களைப் போன்றவர்களின் வேலை என்பதையும் ஏற்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். பத்தாம் வகுப்பில் தொடர்ந்து விடுப்பு எடுக்கும் மாணவியரின் பெயர்ப் பட்டியலை அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

மலையடிவாரம் எழுதியது:

சிறு செய்தி. மாற்றுச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை. அப்பா கேட்டபோது அலுவலகத்தில் யாரோ விடுப்பில் இருந்ததால் அது அப்படியே நின்றுவிட்டது. பதிவேட்டோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒரு தோழி சொல்லியிருக்கிறாள், மற்ற இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. குழுவைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு விருப்பமில்லை, ஆனால் கணக்கு எழுத வரச் சொல்லியிருக்கிறார், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. இப்போதைக்கு அது போதும்.

செவிலியர் அம்மாவுக்கு ஒரு கேள்வி: சத்துமாவு வாங்கி வந்து கஞ்சி காய்ச்சினேன், இரண்டு வாய்க்கு மேல் துப்பிவிடுகிறாள். என்ன செய்வது?

ஓய்வு_செவிலி எழுதியது:

துப்புவது வேண்டாம் என்பதற்காக அல்ல, புதிய பக்குவம் நாக்குக்குப் பழகாததால். முதலில் நன்கு வெந்த கூழாக, கட்டியில்லாமல், கரண்டியிலிருந்து மெல்ல வழியும் பதத்தில் கொடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். நாளாக ஆகக் கெட்டிப்படுத்தி அளவைக் கூட்டலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், இரண்டு வயது வரை தொடரலாம். வற்புறுத்தித் திணிக்காதீர்கள். எடை பார்க்கப் போகும்போது வளர்ச்சிக் கோடு ஏறுகிறதா என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஏறவில்லை என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.